போசி விழுந்த சத்தம்

வேலம்பாளையத்து பனியன் கம்பெனியில் மிஷின்கள் ஓட ஆரம்பித்துவிட்டால் காதில் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. அங்கே பேச்செல்லாம் கையால்தான். பெருவிரலை வாயருகே சாய்த்தால் டீ வந்துவிட்டது, தலைக்கு மேல் விரலைச் சுழற்றினால் நூல் அறுந்துவிட்டது. பிசிறு வெட்டும் ஜெய்புன்னிசாவுக்கு அந்தக் கைப்பேச்சு தண்ணீர்பட்ட பாடு. அவள் பக்கத்திலேயே தொட்டிலில் கிடந்து வளர்ந்த மகன் ஜமாலுக்கும் அப்படித்தான்.

அவனுக்கு மூன்று வயது நெருங்குகிறது. இன்னும் ஒரு "அம்மா" கூட வாயில் வரவில்லை.

"கையக் காட்டுனா டம்ளரு எடுத்துட்டு வர்றான். இத்தனை சூட்டிகையான பையன் பேசாமயா போயிருவான்?" என்பாள் உடன் வேலை செய்யும் ரங்காத்தாள். கேட்கும்போது ஜெய்புன்னிசாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருக்கும். சாயங்காலம் பக்கத்து வீட்டுக் குழந்தை மழலை பேசுவது காதில் விழுந்தால் அந்த நிம்மதியும் போய்விடும்.

வைத்தியம் சொல்ல மட்டும் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நாக்கில் வசம்பு தேய்க்கச் சொன்னார்கள், தேய்த்தாள். தேன் தடவச் சொன்னார்கள், தடவினாள். தர்காவில் ஓதிய தண்ணீரும் கொடுத்தாயிற்று. பிள்ளையின் நாக்கு புண்ணானதுதான் மிச்சம்.

"ஏனுங்க, கோயமுத்தூரு பெரியாஸ்பத்திரிக்கு ஒருக்காக் கூட்டிட்டுப் போலாமுங்களா?" என்று கணவன் நஜீமுதீனிடம் கேட்டாள்.

"நானே மூணு முடிஞ்சுதான் வாயத் தொறந்தனாமா. ஆம்பளப் பையன் மெதுவாத்தான் பேசுவான், உடு புள்ள. ஆஸ்பத்திரிக்குப் போனா ஊமைன்னு ஊரே பேரு வெச்சுரும்."

அவனுக்கும் உள்ளுக்குள் பயம்தான். அந்தப் பயத்தைத்தான் அவன் தைரியம் போலப் பேசினான். தொழுகை முடிந்ததும் கையேந்தி அழுவதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஒருநாள் மத்தியானம் கரண்ட் போனது. மிஷின்கள் நின்று கொட்டகை அமைதியாகிவிட்டது. ஆண்கள் டீக்குப் போய்விட்டார்கள். ஜமால் முதுகைக் காட்டி உட்கார்ந்து வெட்டுத்துணியை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தான். எழுந்த ரங்காத்தாளின் கைதவறி சோற்றுத் தூக்குப்போசி அவனுக்குப் பின்னாலேயே சிமெண்ட் தரையில் விழுந்து உருண்டது. பெண்கள் எல்லோரும் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார்கள்.

ஜமால் மட்டும் திரும்பவில்லை.

"ஜமாலு..." என்று கூப்பிட்டாள் ஜெய்புன்னிசா. துணிதான் அடுக்கினான். "டேய் ஜமாலு!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். அவன் அசையவில்லை. ஓடிப்போய் எதிரே மண்டியிட்டாள். அம்மாவைப் பார்த்ததும் சிரித்தான். அவள் கண்ணீரைப் பார்த்து, தலைக்கு மேல் விரலைச் சுழற்றி, நூல் அறுந்துவிட்டதா என்று கேட்டான்.

ஐயோ, எத்தனை நாள்! கையைக் காட்டியே வளர்த்து, அவன் புரிந்துகொள்வதைப் பார்த்துப் பூரித்தார்களே ஒழிய, கேட்கிறதா என்று ஒருவரும் நினைக்கவில்லை.

இந்தமுறை நஜீமுதீன் மறுக்கவில்லை. கோயமுத்தூர் டாக்டர், பிறவியிலேயே காது மிகவும் மந்தம் என்றார். காதுக்குக் கருவி வைத்துப் பழக்கலாம், பேச்சு எவ்வளவு வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

"இன்னும் முன்னாடியே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். ஏன் வரலை?"

திரும்பும் பஸ்ஸில் நஜீமுதீன் மகனை மடியை விட்டு இறக்கவேயில்லை.

அடுத்த வாரம் கம்பெனியில் தைக்கும் முத்தாத்தாள் தன் மகளை மடியில் போட்டு வசம்பு உரசிக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தைக்கும் இன்னும் பேச்சு வரவில்லை. ஜெய்புன்னிசா அந்த வசம்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நாக்கத் தேய்க்கறத உடுங்கக்கா. பேசாத புள்ளைக்கு மொதல்ல காதப் பாக்கோணும். பொறத்தால நின்னு கூப்புட்டுப் பாருங்க. திரும்புனாலுஞ் சரி, திரும்பலீன்னாலுஞ் சரி, நாளைக்கே டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போங்க. ஊரு என்ன பேரு வெச்சா நமக்கென்னங்க? பேசிருவான் பேசிருவான்னு சொன்னவங்க யாருக்கும் ஒண்ணும் போகலீங்கக்கா. போனதெல்லாம் எம் பையனோட நாளுதான்."