ஈரல் கட்டியும் ஊமைச் சண்டையும்

பிளம்பரின் ஈரலில் ஆரஞ்சுப் பழ அளவுக்குச் சீழ்க்கட்டி. அதை மருந்தில் கரைப்பதா, வயிற்றைத் திறப்பதா என்று முடிவு செய்ய வேண்டிய இரண்டு டாக்டர்களும் புருஷன் பெண்டாட்டி. இருவருக்குள்ளும் எட்டு நாளாகப் பேச்சே கிடையாது.

மருந்து டாக்டர் பிளம்பரின் வலது விலாவை அழுத்தினார். பிளம்பர் அலறினார்.

"சர்ஜன் அம்மா வந்தா சொல்லிடுப்பா. இன்னும் ஒரு வாரம் ஊசி போட்டா கரைஞ்சிடும். கத்தி எடுக்க வேணாம்."

அவர் போன கையோடு சர்ஜன் வந்தார். பிளம்பர் அட்சரம் பிசகாமல் ஒப்பித்தார்.

"கரையுமாமா? அஞ்சு நாளா ஊசி போட்டும் காய்ச்சல் ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. கட்டியோட சுவர் வெங்காயச் சருகா இருக்கு. உடைஞ்சா வயிறெல்லாம் சீழ். இன்னிக்கே திறக்கணும்னு போய்ச் சொல்லு."

"மேடம், உடையப் போறது என்னோடதுங்க..."

"அதையும் சேர்த்துச் சொல்லு."

குளுக்கோஸ் கம்பத்தை உருட்டியபடி இரண்டு டாக்டர்களின் அறைக்கும் மாறி மாறி மூன்று நடை. பிளம்பர் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"வைத்தியம் பாக்குறாங்களா, உங்களைத் தூது விடுறாங்களா?"

பிளம்பர் இரண்டு அறைக்கும் நடுவில் நின்று கத்தினார். "சுவருக்குள்ள தண்ணி கட்டினா நான் சுவரை இடிக்கவும் மாட்டேன், தானா காயும்னு உட்காரவும் மாட்டேன். ஒல்லியா ஒரு குழாயைச் சொருகி வடிப்பேன்!"

இரண்டு கதவும் திறந்தன.

ஸ்கேன் அறை. திரையைப் பார்த்து வழி சொல்ல மருந்து டாக்டர். ஊசியைச் செலுத்த சர்ஜன்.

"இன்னும் கொஞ்சம் இடதுன்னு சொல்லுப்பா."

"மேடம்... இடதாம்..."

"சரி. இப்ப மூச்சை இழுத்துப் பிடி. பேசாதே. அசையாதே."

ஊசி இறங்கியது. கட்டிக்குள் நுழைந்தது. மேலும் இறங்கியது.

"ஆழம் போதும்னு சொல்லு!" என்றார் அவர்.

பிளம்பர் வாயை இறுக்கிக்கொண்டார். கண் மட்டும் பிதுங்கியது.

"சொல்லுய்யா!"

பிளம்பரின் உயிரா, தன் மானமா? திரையில் கட்டியின் மறுசுவர் ஊசிக்கு மயிரிழை தூரத்தில் தெரிந்தது.

"போதும்மா, நிறுத்து!" மருந்து டாக்டரே கத்திவிட்டார்.

கை நின்றது. பழுப்புச் சீழ் குழாய் வழியே பைக்குள் இறங்கியது.

"ஓ, வாய் இருக்கா உங்களுக்கு?" சர்ஜன் திரும்பினார்.

"உனக்கு மட்டும்தானா?"

"நான் என்ன பேசினேன்? முதல்ல ஆரம்பிச்சது யாரு?"

எட்டு நாள் பாக்கி மடை திறந்து கொட்டியது. பிளம்பர் நீலம் பாரித்த முகத்தோடு ஒற்றை விரலை உயர்த்தினார், மூச்சு விட அனுமதி கேட்டு.