விரும்பிக் கேட்டவர்கள்

…இல்லை, இன்றைக்கும் முதற் பாட்டாகவே போட்டுவிடுவார்கள், போன ஞாயிறும் முதற் பாட்டு, அதற்கு முந்தின ஞாயிறு இரண்டாவது, ஆகவே இரண்டு மணிக்கு முன்னமே மிதிக்கத் தொடங்கிவிட வேண்டும் என்று குணலட்சுமி சட்டையின் விளிம்பை ஒதுக்கிக்கொண்டு சைக்கிளில் ஏறி இருந்தாள், ஸ்டாண்டில் நிற்கிற சைக்கிள், பின்சில்லு நிலத்தில் முட்டாமல் அந்தரத்தில் சுற்றும், சில்லில் உரசும் டைனமோவிலிருந்து இரண்டு வயர்கள் ஜன்னற்கட்டில் இருக்கிற றேடியோவுக்குப் போகின்றன, கரண்ட் போய் மூன்று வருசமாகிறது, பற்றரி கண்ணாலும் காணக் கிடையாது, மிதித்தால் கொழும்பு கேட்கும், கால் ஓய்ந்தால் கொழும்பு இல்லை. இந்த ஆறு மாதத்தில் மிதித்த மிதிக்கு எங்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்… சாவகச்சேரி தாண்டி, கடல் தாண்டி, வவுனியா தாண்டி… கொக்குவிலில் இந்த அறையைவிட்டு ஒரு முழம் நகரவில்லை. டைனமோ பூட்டித் தந்த மார்க்கண்டு அண்ணை கதவடியில் நின்று சிரித்தார். “உப்பிடி மிதிச்சால் பாரிசிலையே போய் இறங்கலாம் பிள்ளை, உன்ரை மனுசன் செல்வரட்ணம் ரிக்கற் அனுப்பத் தேவையில்லை.” பக்கத்து வளவு நல்லம்மா அக்கா முருங்கைக் கீரையைச் சுளகில் போட்டு உருவிக்கொண்டு, “நீங்கள் பேசாமல் இருங்கோ, பாட்டுக் கேக்க விடுங்கோ” என்றாள். இவர்கள் பாட்டுக்கு வருகிறார்கள். தான் எதற்கு இருக்கிறாள் என்று இவர்களுக்குத் தெரியாது, சொல்லவும் முடியாது.

தங்கச்சி அருந்ததி கொழும்புக்குப் புறப்பட்ட அன்று பின்னேரம் இந்தப் பாட்டை இந்த ஊரில் பத்துப் பேர்கூடக் கேட்டிருக்கமாட்டார்கள். படம் வந்து இரண்டு கிழமை, இந்தியாவில். சூட்கேசை மூட முடியாமல் அதன்மேல் ஏறி இருந்துகொண்டு சொன்னாள், கடிதத்தில் ஒன்றும் எழுதேலாது அக்கா, வழியிலை ஆரார் பிரிச்சுப் பாக்கினமோ, ஞாயிற்றுக்கிழமை றேடியோ விருப்பப் பாட்டுக்கு நான் தபால் காட் போடுவன், திரும்பி வாறதெண்டால் இந்தப் புதுப் பாட்டு, வரேல்லையெண்டால் அம்மா பாடுற அந்தப் பழைய தாலாட்டு, பாட்டு முடிய என்ரை பேர் வாசிப்பினம், அவ்வளவுதான். ஏன் புதுப் பாட்டு என்று இவள் கேட்டதற்கு, “ஒருத்தருக்கும் தெரியாத பாட்டெல்லோ, ஆரும் கேக்கமாட்டினம், என்ரை பேர் தனியக் கேக்கும்” என்றாள். கெட்டிக்காரி. கண் பரிசோதனைக்கென்று ஊரைவிட்டுப் போக இயக்கம் தந்தது மூன்று மாதப் பாஸ், போகிறவர் திரும்பி வருவதற்கு ஊரில் ஒருவர் பிணை நிற்க வேண்டும், குணலட்சுமி கையெழுத்து வைத்தாள். கையெழுத்து வாங்கின பெடியன் மரியாதையாகத்தான் சொன்னான், “தங்கச்சி வருமட்டும் நீங்கள் வெளியிலை போகேலாது, விளங்கினதுதானே அக்கா?” விளங்கினது. அப்போது விளங்கினது ஒரு வசனம், இப்போது விளங்குவது வேறு.

எப்படி அந்தப் பாட்டு இப்படிப் பரவியது? தொடக்கத்தில் ஒரு கைதட்டு, பிறகு புல்லாங்குழல், பிறகு அந்தப் பெண்குரல் மூச்சை இழுத்துக்கொண்டு ஏறுகிற இடம்… ஒரு மாதத்துக்குள் ரியூட்டரிப் பெடியள் விசிலடித்தார்கள், சங்கக்கடை வரிசையில் நிற்கிற பிள்ளைகள் காதலி என்று வருகிற இடத்தில் மண்ணெண்ணெய் என்று போட்டுப் பாடினார்கள், பங்கர் வெட்டுகிறவர்கள் அந்தக் கைதட்டுக்குத்தான் மண்ணை அள்ளிப் போட்டார்கள், பிள்ளையார் கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் அதை எடுத்தபோது ஐயர்கூடத் தாளம் போட்டதை இவள் கண்டாள். கொழும்பில் இதைவிட மோசம்போல. வாரா வாரம் அந்த ஒரு பாட்டுக்கே முப்பது நாற்பது பேர் காட் போடுகிறார்கள், அறிவிப்பாளர் பத்துப் பதினைந்து பேரை வாசித்துவிட்டு, மற்றும் பலர் என்று முடித்துவிடுகிறார். மற்றும் பலர். அதற்குள் அருந்ததி இருக்கிறாளா? பழைய தாலாட்டையோ ஒருவரும் போடுவதாக இல்லை, இருக்கிற நேரமெல்லாம் இந்தப் பாட்டுக்கே போதாது… அப்படியென்றால் தங்கச்சி இரண்டு பதிலில் எதைச் சொல்லியிருந்தாலும் அது இந்த வீட்டுக்கு வந்து சேராது. கடிதத்தில் வருவதெல்லாம் நலம், நலமறிய ஆவல், கண்ணுக்கு மருந்து விடுகிறேன். ஆறு மாதமாகவா கண்ணுக்கு மருந்து விடுவார்கள்?

அடுத்த மாதம் பதினாலாம் தேதி விசாவுக்குக் கொழும்பில் நேரில் நிற்க வேண்டும். அது தவறினால் இன்னொரு தேதி கிடைக்க ஒரு வருசமும் ஆகலாம் என்று செல்வரட்ணம் எழுதியிருக்கிறார், எழுத்துச் சாய்வாக, அவசரமாக. கலியாணம் முடிந்து பத்தொன்பது நாள் இருந்தார், நாலு வருசத்துக்கு முன்னம். தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடிப்பார். குரல்? குரல் எப்படி… அவள் மிதித்துக்கொண்டே தேடினாள், ஊதுகிற சத்தம் வருகிறது, குரல் வரவில்லை. இந்தப் பாட்டுக்காரி எந்தச் சொல்லுக்கு முன் மூச்செடுப்பாள் என்று தெரியும், புருசனின் குரல் தெரியாது, இதை யாரிடம் சொல்ல? அருந்ததி வந்தால் இவள் போகலாம். போய், அந்த ஊதலுக்கு எதிரே இருக்கலாம். அருந்ததி இங்கே இருந்து மிதிக்கலாம், அவளுக்கு யார் பிணை நிற்பது? இருபத்துமூன்று வயது. சே, என்ன நினைவு இது, வரட்டும், வரத்தானே வேண்டும், பதினாலாம் தேதிக்கு முன்னம் வரத்தான் வேண்டும்.

கைதட்டு வந்துவிட்டது. நல்லம்மா அக்கா கீரையை விட்டுவிட்டு, தெரிந்த சொல்லைப் பாடி, தெரியாத சொல்லை முனகி, தலையை ஆட்டினாள். குரல் ஏறுகிற இடத்தில் குணலட்சுமி வழக்கம்போல ஊன்றி மிதித்தாள், சில்லு சீறியது, வியர்வை முதுகில் இறங்கியது. பாட்டு முடிந்தது. “அக்கா, ஒருக்கால் பேசாமல் இருங்கோ, பேர் வாசிக்கப் போகினம்.” “பேரிலை என்ன கிடக்கு பிள்ளை, பாட்டு முடிஞ்சுதெல்லே.” விரும்பிக் கேட்டவர்கள்… கொட்டாஞ்சேனையிலிருந்து அற்புதராணி… தெகிவளையிலிருந்து அருட்பிரகாசம் குடும்பத்தினர்… வெள்ளவத்தையிலிருந்து… அருந்ததி நிற்கிற இடம். றேடியோ இழுத்தது, முனகியது, நின்றது. சில்லு மட்டும் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது.

“என்ன பிள்ளை, நிப்பாட்டிப் போட்டாய்?”

“கால் பிடிச்சிட்டுதக்கா.” போன ஞாயிறும் இதைத்தான் சொன்னாள். அதற்கு முந்தின ஞாயிறு வயர் கழன்றது, முதல்நாளே ஆடுவதைக் கண்டும் இறுக்காமல் விட்டாள். அதற்கு முந்தின ஞாயிறு… நல்லம்மா அக்கா எழுந்து வந்து கீரை மணக்கும் கையால் அவளுடைய கெண்டைக்காலை அழுத்தினாள், மேலே, கீழே, மறு காலையும். “இஞ்சை ஒண்டும் இறுகேல்லையே பிள்ளை, பஞ்சு மாதிரிக் கிடக்கு.” அப்போதுதான் அவளும் குனிந்து பார்த்தாள், மற்ற யாருடையதோபோல இருந்தது அந்தக் கால், நோவில்லை, நடுக்கமில்லை, பெடலின்மேல் சும்மா இருந்தது.

“இறங்கு, நான் மிதிக்கிறன்” என்று மார்க்கண்டு அண்ணை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். “கெதியா இறங்கு, இன்னும் வாசிச்சு முடிஞ்சிராது.”

“ஓம் அண்ணை, இறங்குறன்” என்றாள். அவர் பக்கத்தில் வந்து நின்றார். இவளுடைய இரண்டு கைகளும் ஹான்டிலை இறுக்கிப் பிடித்திருந்தன, அவளால் அதை விட முடியவில்லை.