கால்மாடு

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாரி மெக்கானிக் சொன்னது. அவர் மனைவிக்கு மூளையில் கட்டி எடுத்திருந்தார்கள். அவர் சொன்னதில் பாதியை நான் நம்பவில்லை. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

முதல் வரி: ‘தேவதை போல அந்த நர்ஸ் வந்து—’

அடித்துவிட்டேன். மூத்திரப் பை மாற்றுகிறவளுக்கு இறக்கை எதற்கு?

2

ஆபரேஷனுக்கு முன்னால் புருஷன் பெண்டாட்டி சண்டை. (எதற்கு என்று கேட்டேன். “அது உங்களுக்கு எதுக்கு?” என்றார். நியாயம்தான்.) மூஞ்சியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் அவள் ஸ்ட்ரெச்சரில் போனாள்.

இப்போது நினைவில்லாமல் கிடக்கிறாள். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தியிருக்கிறார்கள். தலை ஆடாதபடி இரு பக்கமும் சுருட்டிய துண்டு. கண் திறந்தால் முதலில் தன்னைப் பார்க்க வேண்டும். மெக்கானிக்குக்கு வேறு ஆசை இல்லை. நர்ஸ் அசந்த நேரம் துண்டை உருவி, அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

மானிட்டர் கத்தியது. நர்ஸ் ஓடி வந்து தலையை நேராக்கினாள்.

“என்ன பண்றீங்க ஐயா? கழுத்து திரும்பினா தலையிலேர்ந்து ரத்தம் இறங்காது. உள்ள அழுத்தம் ஏறிடும்.”

“ரேடியேட்டர் ஓஸ் பைப்பு மடங்கின மாதிரியா?”

“தெரியுதுல்ல? வண்டியில மடக்குவீங்களா?”

“வண்டி எங்கிட்ட கோவிச்சுக்காதும்மா.”

நர்ஸ் துண்டைச் சரிசெய்தாள். “அவங்க தலை திரும்பாது. நீங்கதான் நகரணும். கால்மாட்டுல போய் நில்லுங்க. முழிச்சா நேரா அங்கதான் பார்ப்பாங்க.”

“பொண்டாட்டி கால்மாட்டுல நானா?”

“வேற யாராவது நிப்பாங்கன்னா கூப்பிடுங்க.”

(இந்த வாய்க்காகவே அவளை நம்பினேன்.)

3

போய் நின்றார். கிரீஸ் போகாத கையால் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, “நான்தான். கோவம் தீரலன்னா ஒரு ஒத விடு” என்றாராம்.

“அப்புறம்?” என்றேன்.

“பாதம்...” என்று ஆரம்பித்தார். அதற்குள் நர்ஸ் கதவைத் திறந்து கூப்பிட்டாள். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

மனைவி கண் திறந்து சிரித்தாள் என்று முடித்தேன். சினிமா. பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள் என்று முடித்தேன். கோபக்காரி, செய்வாள். மூன்றாவது முடிவு ஒன்று உண்டு. அதற்குக் கை வரவில்லை.

நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். உதைக்க வையுங்கள், முறைக்க வையுங்கள். தலையை மட்டும் திருப்பிவிடாதீர்கள்.