ஜீப்பில் ஏறாதவர்கள்

தேவாரத்தில் கருத்தம்மாளின் ஜீப்பில் இடம் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகும் கங்காணி அவள். விடிவதற்குள் ஜீப்பருகே நின்று, வருகிறவர்களை ஏற இறங்கப் பார்ப்பாள். இருமுகிறவளுக்கு இடமில்லை. நடை தள்ளாடினாலும் இடமில்லை. உடம்பைத் தேற்றிக்கொண்டு வா ஆத்தா என்று திருப்பி அனுப்பிவிடுவாள். பாதிச் சோலியில் சுருண்டு விழுகிற ஆளைக் கொண்டுபோனால் தோட்டத்தில் அவள் பெயர் கெட்டுவிடும். அந்தப் பெயரைத்தான் அவள் பெரிய சொத்தாக நினைத்திருந்தாள்.

அவள் புருசன் சின்ராசு அதே தோட்டத்தில் ஏலச்செடிக்குப் பூச்சிமருந்து அடித்தவன். வருசக்கணக்காக அடித்ததில் கை நடுங்கியது, பார்வை மங்கியது, மூச்சு இழுத்தது. அவனை ஏற்றுவதையும் அவள் நிறுத்திவிட்டாள். கட்டினவனுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா என்று அதிலும் அவளுக்கு ஒரு கர்வம்.

மருந்து ஆட்களைக் கெடுக்கிறது என்று யாரோ மேலிடத்துக்கு எழுதிப்போட, தோட்டத்தில் மருத்துவ முகாம் நடத்தினார்கள். அன்றைக்குக் கருத்தம்மாள் வழக்கத்தைவிடக் கறாராக இருந்தாள். டாக்டர் முன்னால் சீக்காளியை நிறுத்தி மானம் போகவா? கல்லுக்குண்டு மாதிரி ஆட்களாகப் பொறுக்கி ஏற்றினாள். மற்ற கங்காணிகளும் அப்படியே செய்தார்கள். சின்ராசு தானும் வருவதாகச் செருப்பை மாட்டினான்.

"நீ கெடய்யா. டாக்டரு முன்னாடி கை நடுங்குனா எனக்குல்ல அசிங்கம்."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

முகாமில் நூறு பேரைச் சோதித்தார்கள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. நூற்றுக்கு நூறு பேர் நலம் என்று தோட்டத்து வாசலில் போர்டு வைத்து, அதன் கீழே கங்காணிகளை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். கருத்தம்மாள் நடுவில் நின்று பல் தெரியச் சிரித்தாள். நூறு என்று எழுதிவிட்டால் போதும், எந்த நூறு என்று கேட்க இந்த நாட்டில் நாதி கிடையாது.

மழைக்காலம் முடிவதற்குள் சின்ராசு படுத்த படுக்கையாகிவிட்டான். போடியில் பார்த்த டாக்டர், பூச்சிமருந்து நெஞ்சில் ஊறிவிட்டது, மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார். தோட்டத்து வேலையால் வந்த நோய் என்று தோட்டம் ஒத்துக்கொண்டால் வைத்தியத்தை அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். கருத்தம்மாள் அடித்துப்பிடித்து மலையாளி மேனேஜரிடம் ஓடினாள்.

"மருந்துனால வந்திருந்தா நூறு பேர்ல ஒருத்தருக்காவது வந்திருக்கணுமே சேச்சி," என்றார் மேனேஜர். "நீங்களும்தானே கூட நின்னீங்க?"

"சீக்காளிகள நான் ஏத்தலையே சார். அவுக எல்லாம் கீழ வீட்ல கெடந்தாக."

வந்தவர்களைத்தானே பார்க்க முடியும் என்று அவர் தன்மையாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் அவள் வீடு வீடாகப் போய், தான் கழித்துவிட்டவர்களையெல்லாம் கூப்பிட்டாள். பெரியம்மாளைக் கைத்தாங்கலாகத் தூக்கி வைத்தாள். கண் தெரியாத பொன்னுமணியைக் கைபிடித்து ஏற்றினாள். சின்ராசைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். இவர்களை நேரில் பார்த்தால் எந்த மேனேஜராலும் மறுக்க முடியாது என்று நம்பினாள், பாவி. வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்துக்கொண்டு அந்தக் கூட்டம் மலைமெட்டு ஏறியது.

வாசலில் காவல்காரர் குறுக்குக் கம்பைத் தூக்கி வழிவிடவில்லை. கிட்டே வந்து ஜீப்பிலிருந்தவர்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"முடியாதவுகள உள்ள விட வேணாம்னு உத்தரவு, அக்கா. தோட்டத்துக்குன்னு ஒரு பேரு இருக்குல்ல."

இத்தனை வருசமாக ஜீப்பருகே நின்று அவள் சொல்லிவந்ததும் இதேதான்.

திரும்பி இறங்கும் வழியில், போடி கண்ணுக்குத் தெரிகிற வளைவில், சின்ராசு அவள் மடியிலேயே அடங்கிப்போனான். மேலே வாசலில் போர்டு அப்படியே நின்றது. அதில் எதையும் அழித்து எழுத வேண்டியிருக்கவில்லை. சின்ராசு அந்த நூறு பேரில் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவனை அவள்தான் வீட்டில் உட்காரவைத்துவிட்டுப் போனாள்.