டிக்கெட் விலை இறங்கட்டும்

தீர்த்தகிரி விமானத்தில் ஏறியதில்லை. விமான நிலையத்தைக்கூட ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறான். தங்கை நிர்மலாவை வழியனுப்பப் பெங்களூர் போனபோது, வாசலோடு நின்றுவிட்டுத் திரும்பி வந்தவன். அப்பேர்ப்பட்டவன் போன ஆவணியிலிருந்து மெல்போர்ன் டிக்கெட் விலையைத் தினமும் ஒப்பிக்க ஆரம்பித்தான். காரிமங்கலம் டீக்கடையில் யாராவது வாயைக் கொடுத்தால் போதும். எந்த விமானம் சிங்கப்பூரில் மாற வேண்டியது, எது கொழும்பில் ராத்திரி முழுக்க உட்கார வைப்பது என்று பிடித்துக்கொள்வான். கேட்டவர்கள் சுடச்சுட டீயை விழுங்கிவிட்டு நழுவினார்கள்.

எல்லாம் காவியாவுக்காக. காவியா நிர்மலாவின் மகள். மெல்போர்னில் பிறந்து, அங்கேயே இரண்டு வயது முடிந்துவிட்டது. தாய்மாமனான தீர்த்தகிரி அவளை இதுவரை கையால் தொட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவாள், அரை நிமிடம் நிற்பாள், ஓடிவிடுவாள்.

எங்கள் பக்கத்தில் காது குத்துவதென்றால் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அப்பன் ராஜாவாக இருந்தாலும் அன்றைக்கு அவன் மடி செல்லாது. தீர்த்தகிரி வீட்டார் தலைமுறை தலைமுறையாகத் தீர்த்தமலையில்தான் காது குத்துகிறார்கள். அவனுக்கு அந்தப் பெயர் வந்ததே அந்த மலையால்தான். மூன்று வயது முடிவதற்குள் குத்திவிட வேண்டும், தவறினால் ஐந்தாம் வயது வரை காத்திருக்க வேண்டும் என்பது நிர்மலாவின் மாமியார் கணக்கு. ஆகவே தை மாதம் என்று முடிவானது.

தீர்த்தகிரிக்கு வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. தங்கைக்கு முடித்துவிட்டுத்தான் தனக்கு என்று இருந்தான். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், நிலமும் மண்டியும் வைத்திருப்பவனுக்குப் பெண் கொடுக்க ஊரில் யாரும் இல்லை. எல்லாரும் கம்பெனி மாப்பிள்ளை தேடினார்கள். அம்மாவும் போன பிறகு, மூன்று அறை வீட்டில் இவன் ஒருத்தன். காலையில் வடித்த சோற்றையே ராத்திரியும் சாப்பிடுவான். டிவியைப் பார்க்கிறானோ இல்லையோ, அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

அதனால்தான் காது குத்து என்றதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. மேலறைக்கு ஏசி போட்டான். குழந்தை விழுந்துவிடும் என்று மாடிப்படிக்குக் கம்பிக் கதவு வைத்தான். தாய்மாமன் சீராகத் தங்கக் கம்மல் செய்தான். அதோடு விடவில்லை. மூன்று பேர் வந்துபோகிற விமான டிக்கெட்டும் தன் சீர்தான் என்று சொல்லிவிட்டான்.

நிர்மலாவின் வீட்டுக்காரன் அருண்குமார் அரூர்க்காரன், தங்கமான பையன். மச்சான் மனசு நோகக் கூடாது என்று ஒத்துக்கொண்டான். ஆனால் ஆவணியிலேயே போன் செய்தான். அப்போது ஒரு டிக்கெட் எழுபதாயிரத்துக்குக் கிடைத்தது. ஜனவரி அங்கே பள்ளி விடுமுறை, இங்கே பொங்கல், இரண்டு பக்கமும் கூட்டம் அள்ளும், இப்போதே போட்டுவிடலாம் என்றான்.

"பொறுங்க மாப்ளே. விலை இறங்கட்டும்," என்றான் தீர்த்தகிரி. "நான் பாக்காத ஏத்த இறக்கமா?"

அவன் பார்த்ததெல்லாம் தக்காளி. பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்து இருபது வருஷமாகிறது. காலையில் ஏலத்தில் அறுநூறுக்குப் போன பெட்டி சாயங்காலம் இருநூறுக்கு நிற்கும். மிச்சம் இருப்பது விடிந்தால் அழுகிவிடும் என்பது விற்பவனுக்கும் தெரியும், வாங்குபவனுக்கும் தெரியும். அந்தக் கணக்கை அப்படியே விமானத்துக்குப் போட்டான். சீட்டும் தக்காளிதான். விமானம் கிளம்பிய பிறகு காலிச் சீட்டை எவன் வாங்குவான்? நாள் நெருங்க நெருங்க கம்பெனிக்காரனுக்குப் பயம் வரும், கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவான். மண்டிக் கணக்கர் குருவிடம் இதை விளக்கினான். குருவும் யோசித்துப் பார்த்துவிட்டு, நியாயம்தான் என்றார். பாலக்கோட்டில் யாரைக் கேட்டிருந்தாலும் நியாயம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

குருதான் அவன் போனில் விலை பார்க்கிற ஆப்பை ஏற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து எழுந்ததும் முதல் வேலை அதுதான். பார்த்த கையோடு நிர்மலாவுக்கு ஒரு மெசேஜ். இன்றைக்கு ஆயிரம் ஏறிவிட்டது, இன்றைக்கு எண்ணூறு இறங்கியிருக்கிறது. அவளும் பதில் போடுவாள். சில நாள் சிரிக்கிற பொம்மை, சில நாள் குரல் பதிவு. "அண்ணா, சாப்பிட்டீங்களா?" என்று ஆரம்பித்து, காவியா சுவரில் கிறுக்கியது, சளி பிடித்தது, அங்கே முருங்கைக்காய் விற்கிற விலை என்று போகும். அதை ஏலம் முடிந்து பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து இரண்டு மூன்று தடவை கேட்பான்.

அதற்கு முன்னால் வாரத்துக்கு ஒரு போன்தான். நல்லா இருக்கியா, நல்லா இருக்கோம், மழை பேஞ்சுதா, இல்லை. அதோடு இரண்டு பக்கமும் பேச்சு தீர்ந்துவிடும். இப்போது தினமும் பேச ஒரு காரணம் இருந்தது. டிக்கெட்டைப் போட்டுவிட்டால் அடுத்த நாள் காலையில் என்ன சொல்வது? இதை அவன் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் எனக்கென்னவோ, அவன் விலைக்காகக் காத்திருந்ததில் பாதிதான் விலைக்காக என்று படுகிறது.

ஐப்பசியில் ஒரு நாள் விலை நிஜமாகவே இறங்கியது. எழுபத்தெட்டுக்குப் போயிருந்தது சடாரென்று அறுபத்தொன்றுக்கு வந்தது. தீர்த்தகிரி வாயெல்லாம் பல்லாக மண்டி முழுக்கக் காட்டினான். நிர்மலா உடனே கூப்பிட்டாள். இதுக்கு மேலே என்ன வேண்டும், போட்டுவிடுங்கள் என்றாள். அருண்குமாரும் பின்னாலிருந்து அதையே சொன்னான். லீவு கேட்டு எழுத அவன் ஆபீசில் டிக்கெட் தேதி கேட்கிறார்களாம்.

ஆனால் இறங்க ஆரம்பித்த விலை முதல் நாளே நிற்காது என்பது தக்காளி வியாபாரிக்கு ரத்தத்தில் ஊறியது. இன்றைக்கு இருநூறு இறங்கினால் நாளைக்கு இன்னும் இறங்கும், அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் வியாபாரம். இன்னும் நான்கு நாள் கொடு என்றான். மறுநாள் காலை எழுந்து பார்த்தால் எண்பத்தைந்து. கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பப் பார்த்தான், அதேதான். அன்றைக்கு அனுப்பிய மெசேஜுக்கு நிர்மலாவிடமிருந்து சாயங்காலம்தான் பதில் வந்தது. சரி என்று மட்டும் இருந்தது.

கார்த்திகை முழுக்க விலை ஏறிக்கொண்டே போனது. லட்சத்தைத் தொட்டது, தாண்டியது. கடைசி வாரத்தில் விழும் பாருங்கள் என்று குருவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். குருவுக்கு அந்த நியாயம் முன்போலத் தெரியவில்லை. ஆனாலும் முதலாளியிடம் எதற்கு வாயைக் கொடுப்பது என்று பேசாமல் இருந்தார்.

கார்த்திகை கடைசி முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், கிருஷ்ணப்பன் என்ற சமையல்காரர் ஓட்டமாக ஓடி வந்தார். கல்யாண மண்டபத்துக்கு வரவேண்டிய தக்காளி வரவில்லை, விடிந்தால் ஆயிரம் பேருக்குப் பந்தி. தீர்த்தகிரியிடம் பதினைந்து பெட்டி மிச்சம் இருந்தது. வேறு யாராவது கேட்டிருந்தால் இருநூறுக்குக் கொடுத்திருப்பான். கிருஷ்ணப்பன் நெற்றி வியர்வையைப் பார்த்தான், எழுநூறு என்றான். அவர் பேரம் பேசவே இல்லை. பணத்தை வைத்துவிட்டு ஏற்றச் சொன்னார்.

வண்டி போன பிறகு தீர்த்தகிரி தராசு மேடை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அழுகப்போகிற தக்காளியைத்தான் அந்த விலைக்கு விற்றிருக்கிறான். கடைசி நேரத்தில் வருகிறவனுக்கு வேறு வழியில்லை என்பது தெரிந்துதான் விற்றான். மெல்போர்ன் விமானத்தில் கடைசி வாரம் ஏறுகிறவனும் வேறு வழியில்லாமல்தான் ஏறுவான். இதைக் கம்பெனிக்காரன் அறிய மாட்டானா? நான்கு மாதமாகத் தன்னை மண்டிக்காரனாகவே நினைத்துக்கொண்டிருந்தான். விமானக் கம்பெனி முன்னால் அவன் கிருஷ்ணப்பனாக நின்றிருக்கிறான்.

அங்கேயே போனை எடுத்துப் பார்த்தான். ஒரு டிக்கெட் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். காவியாவுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டதால் அவளுக்கும் தனிச் சீட்டு. எவ்வளவானாலும் சரி, இப்போதே போட்டுவிடுவது என்று முடிவு செய்து நிர்மலாவைக் கூப்பிட்டான். இன்றைக்கே டிக்கெட் போட்டுவிடுகிறேன் என்றான்.

"அண்ணா, டிக்கெட் மட்டும் இல்லீங்கண்ணா. இவருக்கு லீவு இல்ல," என்றாள். "ஜனவரி லீவ வேற ஆளுங்க எழுதிக்கிட்டாங்க. தேதி சொல்லுங்க சொல்லுங்கன்னு எத்தன வாட்டி கேட்டோம்."

"நீயும் பாப்பாவும் மட்டும் வந்துட்டுப் போங்க."

"அவரு இல்லாம எப்படீங்கண்ணா? அத்தை என்ன சொல்லுவாங்க? இங்கியே கோயில்ல குத்திக்கிறோம். நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பான். அவள் ஆறுதல் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. தான் அங்கே வந்துவிடட்டுமா என்று கேட்டான். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். இல்லை. பாஸ்போர்ட், விசா எல்லாம் தைக்குள் முடிகிற காரியமா? கம்மலைப் பற்றிக் கேட்டான். யாராவது வரும்போது கொடுத்தனுப்பினால் போதும், இப்போதைக்கு இங்கே வாங்கிக்கொள்கிறோம் என்றாள்.

அடுத்த நாளிலிருந்து காலையில் மெசேஜ் அனுப்ப ஒன்றும் இல்லை. பழக்க தோஷத்தில் எழுந்ததும் போனைக் கையில் எடுப்பான், வைத்துவிடுவான். ஒரு நாள் மழை பெய்வதாக எழுதி அனுப்பினான். அவள் ஒரு கட்டைவிரலைப் போட்டாள். அவள்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குழந்தையும் வேலையுமாக இருக்கிறவள் மழைக்கு என்ன பதில் எழுதுவாள்?

தை பிறந்தது. காது குத்துகிற நாளன்று அங்கே நண்பகல், இங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மண்டியில் வண்டிகள் வந்து நின்றன. தீர்த்தகிரி குருவை ஏலத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அடுக்கிய பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு வீடியோவைப் பார்த்தான்.

கோயில் பளபளவென்று இருந்தது. காவியா பட்டுப் பாவாடையில் இருந்தாள். அவள் உட்கார்ந்திருந்தது அருண்குமாரோடு வேலை செய்கிற ஒரு பையன் மடியில். தென்காசிப் பக்கத்துப் பையன், பெயர் இளம்பரிதி. இரண்டு தெரு தள்ளி இருக்கிறானாம். வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்து குழந்தையைப் பூங்காவுக்குத் தூக்கிக்கொண்டு போவானாம். தாய்மாமன் இடத்துக்கு ஒரு ஆள் வேண்டுமே என்று அவனை உட்கார வைத்திருந்தார்கள். புது வேட்டி அவனுக்கு இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டிருந்தான்.

நிர்மலா போனைக் குழந்தையின் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள். குரலில் சந்தோஷத்தை வரவழைத்துக்கொண்டு, "பாப்பா, மாமா பாரு. மாமா எங்க?" என்றாள்.

காவியா போனைப் பார்த்தாள். பிறகு கழுத்தைத் திருப்பி, தான் உட்கார்ந்திருந்த மடிக்காரனின் முகத்தில் விரலை வைத்தாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நிர்மலா சிரிக்கவில்லை. இளம்பரிதி சங்கடத்தோடு, அங்கே பாரு, போனில் இருப்பவர்தான் உன் மாமா என்று குழந்தையைத் திருப்பப் பார்த்தான். அவள் திரும்பவில்லை. அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு விளையாடினாள்.

தீர்த்தகிரிக்கு யார்மேலும் கோபம் இல்லை. அந்தப் பையன்மேல் கோபப்படவும் வழியில்லாமல் போனதுதான் கொடுமை. அவன் குழந்தையை எவ்வளவு பத்திரமாகப் பிடித்திருந்தான் என்பது இங்கிருந்தே தெரிந்தது. பின்னால் ஏலக்காரன் விலையை ஏற்றிக் கூவிக்கொண்டிருந்தான். ஆசாரி ஊசியைக் கையில் எடுப்பது போனில் தெரிந்தது.

"தம்பி, தலைய நல்லாக் கெட்டியாப் புடிச்சுக்கங்க," என்றான் தீர்த்தகிரி. "வலிச்சா துள்ளும்."

சரிங்கண்ணா என்று சொல்லி இளம்பரிதி குழந்தையின் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அவள் எப்படித் துள்ளுவாள் என்று அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. தீர்த்தகிரிக்குத் தெரியாது. அவன் அவளை ஒருமுறைகூடத் தூக்கியதில்லை.