பதினெட்டாவது பெயர்

1.
இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. இனம், அடையாளம் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஒரு பத்திரிகையில் கேட்டார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஆறு தொடக்கங்கள் எழுதிக் கிழித்தாயிற்று. அதில் ஒன்று:

கடல் எல்லோரையும் ஒரே நிறமாக— (சீ. கடலுக்கு இதில் என்ன வேலை?)

2.
நடந்ததையே சொல்லித் தொலைக்கிறேன். ரெக்சன் பெர்னாண்டோ தூத்துக்குடிக்காரன், சரக்குக் கப்பலில் சமையல்காரன். மும்பையில் அவன் மதராசி. கொழும்பில் போலீஸ்காரர் சிங்களத்தில் அதட்டுவார். கப்பலில் பிலிப்பைன்ஸ்காரர்கள் பெயரைக் கேட்டதும் தங்கள் ஆள் என்று தோளில் கைபோட்டார்கள். அவனும் மறுக்காமல் அவர்கள் மேசையிலேயே சாப்பிட்டான். சொந்த ஊரிலாவது யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தான், பாவம்.

கப்பல் இங்கே, தூத்துக்குடிக்கே, வந்தது. மாலை ஐந்துக்குக் கிளம்பிவிடும். துறைமுக வாசலுக்கு வெளியே மனைவி கிளாடிஸ், அவன் இன்னும் பார்க்காத மூன்று மாதப் பெண் குழந்தையோடு நின்றாள். காவலர் கப்பல் ஆட்களின் பட்டியலைப் பார்த்து, "பிலிப்பைன்ஸ்," என்று ரெக்சனைத் தடுத்துவிட்டார். வெளிநாட்டுக்காரர்களுக்கு வெளியே போக அனுமதி இல்லை.

(இந்தக் காவலரை வில்லனாக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் நாகாலாந்துக்காரர். எதிர் டீக்கடையில் தினமும் அவரை "சைனாவா?" என்று கேட்கிறோம். நானும் கேட்டிருக்கிறேன்.)

3.
வாசலில் நின்ற என்னை ரெக்சன் பிடித்துக்கொண்டான். "அண்ணாச்சி, நீங்க கப்பல் ஏஜென்சி ஆளுதானே? நான் இந்த ஊருன்னு சொல்லுங்க. அந்தா நிக்கது எம் பொண்டாட்டி."

கிளாடிஸ் கம்பி வழியாக அவனுடைய ஆதாரை நீட்டினாள். காவலர் பார்த்துவிட்டு என்னிடம் அரைத் தமிழில் சொன்னார்: "லிஸ்ட் தப்புன்னு லெட்டர் எழுது, சைன் போடு. நான் விடும்."

4.
பட்டியலைத் தயாரித்தவன் நான்.*

பதினேழு பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். சாந்தோஸ், டெலா குரூஸ் என்று போய், பதினெட்டாவதாக பெர்னாண்டோ. கம்ப்யூட்டரில் 'நாடு' என்ற கட்டத்தில் 'பிலிப்பைன்ஸ்' என்று அடித்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன். தெருவுக்குப் பத்து பெர்னாண்டோ இருக்கிற ஊரில் பிழைக்கிறவன் செய்கிற காரியமா இது?

* அந்த மாதம் அது இரண்டாவது தப்பு. எழுதிக் கொடுத்தால் வேலை போகும்.

5.
முடிவு ஒன்று: கையெழுத்துப் போடுகிறேன். ரெக்சன் ஓடுகிறான், குழந்தையை—

முடிவு இரண்டு: காவலர் மனமிரங்கி— (அவர் ஏன் இரங்க வேண்டும்? தப்பு அவருடையதா?)

அன்று நான், "ஆபீஸ்ல கேட்டுட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டு டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்தேன். கிளாடிஸ் குழந்தையைக் கம்பிக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள்.

6.
போன வாரம் அவளைப் பார்த்தேன். "அந்தச் சைனாக்காரன் நாசமாப் போவான், அண்ணாச்சி," என்றாள்.

"சைனா இல்லம்மா, நாகாலாந்து," என்று திருத்தினேன். அதை மட்டும்தான் திருத்தினேன்.

மிச்சத்தை நீங்கள் அவளிடம் சொல்லுங்கள். பனிமய மாதா கோயில் பக்கம்தான் வீடு. யார் சொன்னது என்று கேட்டால் என் பெயரைச் சொல்லலாம். செந்தில்முருகன்.