காரணம் எழுதாத விற்பனை

மூன்று பத்துக்கு அந்த டயர் கம்பெனிப் பங்கு மேலே போய் அசையாமல் நின்றது. ஒரு நாளில் அதற்கு மேல் ஏறக்கூடாது என்று சந்தை வைத்திருக்கும் உச்சவரம்பு அது. வாங்கக் காத்திருப்பவர்கள் லட்சக்கணக்கில். விற்பவர் பக்கத்தில் பூஜ்யம்.

திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அவர், காலையில் தன் கையில் இல்லாத அந்தப் பங்கை விற்றிருந்தார், இரண்டாயிரம். விலை இறங்கியதும் வாங்கி ஈடுகட்டிவிட்டு இடையில் நிற்கும் லாபத்தை எடுத்துக்கொள்வதுதான் அவருடைய தொழில். சந்தை மூடும் மூன்றரைக்குள் வாங்கியாக வேண்டும். விற்க ஆளில்லாத சந்தையில் யாரிடம் வாங்குவது?

தரகர் போனில் வந்தார்.

"சார், வரிசைல போட்டு வெச்சிருக்கேன். கிடைக்கிற மாதிரி தெரியல. ஏலத்துல சந்தைக்காரங்களே உங்க கணக்குல வாங்கி ஈடுகட்டிடுவாங்க. என்ன விலைக்குன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க."

"கேக்கல."

"விலை ஏறினா தானா வாங்கிடற மாதிரி காலைல ஸ்டாப் லாஸ் போட்டிருந்தீங்களே?"

"எடுத்துட்டேன்."

தரகர் தொண்டையைச் செருமிக்கொண்டு வைத்துவிட்டார்.

இவருக்குப் பயமோ வருத்தமோ வரவில்லை. மரத்துப்போன காலைத் தட்டிப் பார்ப்பதுபோல் மேஜையை இரண்டு முறை தட்டினார். மூன்றரை ஆயிற்று. திரை உறைந்தது.

தொழிலில் போட்டிருந்த முதல் முழுவதும் அக்காவுடையது. அக்கா நாற்பது வருடம் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவள். ஓய்வுப் பணத்தைக் கொடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "எதுக்குன்னு சீட்டுல எழுதாம நாங்க ஊசி எடுக்க மாட்டோம். நீயும் எழுதிட்டு வித்துக்கோ. எழுதாம வித்தேன்னு தெரிஞ்சா பணத்தைத் திருப்பிக் கேப்பேன்." திருப்பிக் கேட்டால் தொழில் முடிந்தது. மனைவியின் அண்ணனான மச்சானின் கிடங்கில் போய் வேலை கேட்டு நிற்க வேண்டும்.

அதற்காக வைத்திருந்த நோட்டைப் புரட்டினார். அந்தப் பங்கை இதற்குமுன் மூன்று முறை விற்றிருக்கிறார். மூன்றிலும் லாபம், மூன்றிலும் காரணக் கட்டம் காலி. லாபம் வந்த நாளில் யார் கட்டத்தைப் பார்க்கிறார்கள்?

மூன்றே முக்காலுக்கு வழக்கம்போல் அக்காவின் போன்.

"என்னடா, இன்னைக்கு எப்படி?"

"மாட்டிக்கிட்டேன்க்கா. டயர் கம்பெனி."

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"அப்பாகிட்டருந்து ஏஜென்சியப் பிடுங்கினாங்களே, அந்தக் கம்பெனியா?"

"அதேதான். அது விழுறதை ஒரு தடவையாவது பாக்கணும்னு."

"பிடுங்கல. மூணு தடவை ஆள் அனுப்பினாங்க. பில்லுல நம்ம பக்கம் தப்பு. ஆமாம்னு ஒரு வார்த்தை சொன்னா விட்டுருப்பாங்க. அப்பா சொல்லல."

"எனக்கு இது தெரியாதே."

"நம்ம வீட்ல இதையெல்லாம் யாரு வாயைத் திறந்து சொன்னாங்க? சரி, காரணம்னு என்ன எழுதியிருக்க?"

என்ன வேண்டுமானாலும் படித்துக் காட்டலாம். அக்கா நோட்டைப் பார்த்ததே இல்லை.

"ஒண்ணும் எழுதலக்கா. நாலு தடவையும் எழுதல. தப்பு என்னோடது."



"ஏலம் முடியட்டும். மிச்சத்தை எனக்கு அனுப்பிடு."

"அனுப்பிடறேன்."

"சாப்பிட்டியா?"

"ஆச்சு."

அன்று அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

பேனாவை எடுத்து நான்கு கட்டங்களிலும் 'கோபம்' என்று எழுதினார். கடைசியில் மை வரவில்லை, உதறிவிட்டு எழுதினார். பிறகு சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, மச்சானின் எண்ணை அழுத்தினார்.

"என்ன மாப்ள, சந்தை நேரத்துல எல்லாம் எங்க ஞாபகம் வருது?"

"சந்தை முடிஞ்சிடுச்சு மச்சான். கிடங்குக்கு ஆள் வேணும்னீங்களே, கிடைச்சிட்டாங்களா?"